டர்போவைக் கடைசியில் வாங்குங்கள்

மூன்றாவது சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கைப்பேசி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் லேத் பட்டறை அண்ணன். வெள்ளைப் பீங்கான் மேல் கடுகைவிடச் சிறிய வெள்ளிப் புள்ளிகள், உப்புத் தூவியது போல. "இது என்ன தெரியுமா தம்பி? உங்கள் பிஸ்டன்" என்றார். அலுமினியம் உருகித் தெறித்து அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்த பிறகு மீதியும் தெரிந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையில் இருக்கும் மெல்லிய வரப்பு, அரை விரல் நீளத்துக்குப் பிஸ்கட் போல உடைந்து கையோடு வந்தது.

வண்டி பழைய மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர், 16 வால்வு, நான்கு சிலிண்டர். மெக்கானிக்குகளுக்கு இது ஜி13பிபி எஞ்சின். சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 75.5. கம்பெனியிலிருந்து வரும்போது 85 குதிரைத்திறன். உடம்பு லேசான கார் என்பதால் அதுவே ஒரு காலத்தில் பந்தயக்காரர்களுக்குப் பிடித்த வண்டியாக இருந்தது. கோவைக்குப் பக்கத்தில் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்காகவே 85,000 ரூபாய்க்கு வாங்கினேன். மறைந்த பந்தய ஓட்டுநர் கரிவர்தனின் பெயரைத் தாங்கிய 2.1 கிலோமீட்டர் பாதை அது. ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேட்கும் கேள்விகளுக்கு நம்மிடம் பதில் இருக்காது. ஆகவே என் வண்டி பாதைக்கு டிரெய்லரில் போய் டிரெய்லரில் திரும்புகிறது.

அந்த வண்டிக்கு டர்போ பூட்ட நினைத்தேன். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி அது. புகை சுழற்றும் பக்கம் டர்பைன், காற்றை அழுத்தும் பக்கம் கம்ப்ரஸர். நான் செய்த முதல் தவறு, முதலில் டர்போ வாங்கியது. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். கையில் எடுத்தால் கனமாக, நத்தை ஓடு போல அழகாக இருக்கும் பொருள். விரலால் சுழற்றினால் சத்தமில்லாமல் சுற்றும். சென்னைக்கு வேறு வேலையாகப் போனவன் புதுப்பேட்டைச் சந்துகளில் நுழைந்து, ஒரு டீசல் காரிலிருந்து கழற்றிய டர்போவை 9,000 ரூபாய்க்குப் பேசி வாங்கிவந்தேன். அந்தக் காரும் 1.3 லிட்டர், என் காரும் 1.3 லிட்டர். கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றுக்குள் களைத்துவிடும். என்னுடையது 6,500 வரை போகும். அதே கொள்ளளவாக இருந்தாலும் நிமிடத்துக்கு விழுங்கும் காற்று வேறு. அந்தக் குட்டி டர்போ 2,200 சுற்றிலேயே விறுவிறுவென்று எழுந்தது. ஓட்டியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். 4,500ஐத் தாண்டியதும் யாரோ சைலன்சரில் துணி அடைத்தது போல வண்டி திணறியது. சூடும் வேறு. முழு வேகத்தில் பெட்ரோல் எஞ்சினின் வெளியேறு வாயு 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டீசலில் அதைவிட நூறு, நூற்றைம்பது டிகிரி குறைவு. டீசல் டர்போவின் வார்ப்பை அந்தக் குறைந்த சூட்டுக்கு ஏற்றபடிதான் செய்கிறார்கள். நான்காவது முறை பாதைக்குப் போய்வந்தபோது டர்பைன் கூட்டில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது.

அடுத்த டர்போவுக்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதை இங்கே முழுசாகத் தருகிறேன், ஏனென்றால் கடையில் நிற்கும்போது இதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது. 6,000 சுற்றில் நிமிடத்துக்கு 3,000 முறை. 1.298 லிட்டரால் பெருக்கினால் ஏறத்தாழ 3,900 லிட்டர். சிலிண்டர் முழுசாக நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் 3,300 லிட்டர். எடையில் சொன்னால் நிமிடத்துக்கு 3.8 கிலோ காற்று. இதன் மேல் அரை பார், அதாவது 7 பிஎஸ்ஐ அழுத்தம் ஏற்ற வேண்டும். பூஸ்ட் என்பது இந்தக் கூடுதல் அழுத்தம்தான். கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே ஒரு பாருக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே கம்ப்ரஸர் காற்றை 1.5 மடங்குக்குச் சற்று மேல் அழுத்த வேண்டும்.

காற்றை அழுத்தினால் அது சுடும். மிதிவண்டிக்குக் காற்றடித்தவர்களுக்குப் பம்பின் அடிப்பாகம் சுட்டது நினைவிருக்கும். 35 டிகிரியில் உள்ளே போகும் காற்று, 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரில் அரை பார் ஏறியதும் 88 டிகிரியாகிறது. அப்படியே சிலிண்டருக்குள் விட்டால், அழுத்தம் ஒன்றரை மடங்கு ஏறியும் காற்றின் எடை 28 சதவீதம்தான் கூடுகிறது. நடுவில் காற்றைக் குளிர்விக்கும் ஓர் இன்டர்கூலர் வைத்து 51 டிகிரிக்கு இறக்கினால் 43 சதவீதம் கூடுகிறது. அதே டர்போ, அதே அழுத்தம். "சின்ன பூஸ்டுக்கு இன்டர்கூலர் எதற்கு" என்று கேட்பவர்களிடம் நான் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுகிறேன். எங்கள் ஊர் மே மாத வெயிலில் நாக்கிங்கிலிருந்து, அதாவது தீ வந்து சேருமுன் கலவை தானாக வெடிப்பதிலிருந்து, காப்பாற்றுவதும் அதுதான்.

3.8 கிலோவை 1.43ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 5.4 கிலோ. டர்போ கம்பெனிகள் வெளியிடும் கம்ப்ரஸர் வரைபடத்தில் அளவு பவுண்டில் இருக்கும், 12 பவுண்ட். கிடைமட்டத்தில் 12, செங்குத்தில் 1.5. அந்தப் புள்ளி, வெங்காயத்தை வெட்டியது போல அடுக்கடுக்காக இருக்கும் வளையங்களின் நடுவே விழ வேண்டும். இடது ஓரத்தில் விழுந்தால் டர்போ பெரிது, காற்று பின்னோக்கி அடிக்கும். வலது ஓரத்தில் விழுந்தால் சிறிது, வெறும் சூடுதான் மிஞ்சும். 6,000 சுற்றுக்கு மட்டுமல்லாமல் 3,000, 4,000 சுற்றுகளுக்கும் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்த வரைபடங்களில் கேரெட் ஜிடி1548 பொருந்தியது. 1.0 முதல் 1.6 லிட்டர் வரையான எஞ்சின்களுக்கு என்று அந்த கம்பெனியே சொல்லும் அளவு அது. 38,000 ரூபாய்க்கு, தண்டில் ஆட்டமில்லாத பழையது ஒன்று கிடைத்தது.

அதைப் பூட்டித்தான் பிஸ்டனை உடைத்தேன். டர்போ மேல் குற்றமில்லை.

வேஸ்ட்கேட் என்பது, அழுத்தம் போதுமான அளவு வந்ததும் புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகவிடாமல் வேறு வழியில் திருப்பிவிடும் கதவு. அதைத் திறக்கும் சின்ன டப்பாவுக்கு ஒரு ரப்பர் குழாய் மூலம் அழுத்தத்தின் செய்தி போக வேண்டும். கம்ப்ரஸர் வாயிலிருந்து நேராக அந்தக் குழாயை எடுப்பதுதான் முறை. நான் சோம்பேறித்தனமாக, பூஸ்ட் மீட்டருக்குப் போகும் குழாயில் ஒரு 'டீ' இணைப்பு போட்டு எடுத்தேன், கிளிப் இல்லாமல். ஒரு நீளமான நேர்ப்பாதையின் பாதியில் குழாய் கழன்றது. டப்பாவுக்குச் செய்தி போகவில்லை, கதவு திறக்கவில்லை. மீட்டருக்கும் அதே குழாய்தான் என்பதால் முள் பூஜ்யத்தைக் காட்டியது. காதுக்கு வண்டி அருமையாக இழுப்பதாகத் தோன்றியது. ஏழெட்டு விநாடி இருக்கும். பிறகு அந்தத் தகரச் சத்தம், வறுகடலையைத் தகர டப்பாவில் போட்டுக் குலுக்கியது போல.

பத்து ரூபாய் கிளிப் ஒன்று இருந்தால் நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் கிளிப் இல்லாததைவிடப் பெரிய தவறு, அளவை மீறினால் எஞ்சினை நிறுத்தும் ஏற்பாடு எதுவும் என்னிடம் இல்லாததுதான். அதற்குக் காரணம் ஈசியு, அதாவது பெட்ரோலையும் தீப்பொறியையும் ஆளும் எஞ்சின் கணினி.

கம்பெனி ஈசியுவை வைத்துக்கொண்டே ஒப்பேற்றிவிடலாம் என்று பலரைப் போல நானும் நம்பியிருந்தேன். டர்போ இல்லாத காரின் மேப் சென்சார், அதாவது இன்டேக் அழுத்தத்தை அளப்பது, வெளிக்காற்றின் அழுத்தம் வரைக்கும்தான் எண்ணத் தெரிந்தது. அதற்கு மேல் என்ன ஏறினாலும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும். அரை பாரும் ஒன்றுதான், ஒரு பாரும் ஒன்றுதான். பெட்ரோல் எவ்வளவு விட வேண்டும், தீப்பொறியை எவ்வளவு தாமதிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குருட்டுப் பதிலை வைத்துத்தான். பெட்ரோல் அழுத்தத்தைப் பூஸ்டுக்கேற்ப ஏற்றும் ரெகுலேட்டர் ஒன்றைப் போட்டுச் சமாளித்தேன். தீப்பொறியைச் சமாளிக்க வழியே இல்லை. ஒரு பிஎஸ்ஐக்கு எஞ்சின் தண்டு சுழலும் கோணத்தில் ஒரு டிகிரி வீதம் தாமதிப்பது ஆரம்பக் கணக்கு. என் எஞ்சினில் ஒரு டிகிரிகூடத் தாமதிக்கவில்லை.

இரண்டாவது முறை பொருள்களை வாங்கிய வரிசையே வேறு. முதலில் வாங்கியது பாஷ் எல்எஸ்யு 4.9 சென்சார் உள்ள, காற்று எரிபொருள் விகிதத்தை எண்ணாகவே காட்டும் வைட்பேண்ட் மீட்டர். காரில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு, கலவை சரியான விகிதத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும்தான் தெரியும். பூஸ்டில் நமக்கு வேண்டியது வேறு. சாதாரண பெட்ரோலில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள் என்பது சமநிலை. பூஸ்டில் பதினொன்றரை, பன்னிரண்டுக்கு இறக்குவோம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குச் சமநிலையே சுமார் 13.5 என்று இறங்கிவிட்டது. பழைய எண்களை மனப்பாடம் செய்தவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். மீட்டரை லாம்டாவில், அதாவது சமநிலையோடு ஒப்பிட்ட அளவில், வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. சமநிலை 1, பூஸ்டில் 0.8. எத்தனால் எவ்வளவு கலந்தாலும் இது மாறாது.

அடுத்தது ஈசியு. அமைப்புகளை நாமே எழுதக்கூடிய மெகாஸ்குவர்ட் வாங்கினேன், கூடவே மூன்று பார் வரை அளக்கும் மேப் சென்சார். வயரிங் செய்ய இரண்டு வாரம் பிடித்தது. அதில் நான் முதலில் எழுதிய அமைப்பு, அழுத்தம் 0.65 பாரைத் தாண்டினால் பெட்ரோலை வெட்டு என்பது. இதுவரை இரண்டு முறை வெட்டியிருக்கிறது. இரண்டு முறையும் எஞ்சின் பிழைத்தது.

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கும் கணக்கு உண்டு. எதிர்பார்க்கும் திறன் 120 குதிரை. டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒரு குதிரைக்கு மணிக்கு 270 கிராம் எரிபொருள் கேட்கும் என்று தாராளமாக வைத்தால் மணிக்கு 32 கிலோ, ஏறத்தாழ 44 லிட்டர். நான்காகப் பிரித்தால் இன்ஜெக்டர் ஒன்றுக்கு 11 லிட்டர், நிமிடத்துக்கு 184 மில்லி. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்தே வைக்கக் கூடாது, ஆகவே 230 மில்லி. எத்தனாலுக்குக் கொஞ்சம், கைக்காவலுக்குக் கொஞ்சம் சேர்த்து 300 மில்லி இன்ஜெக்டர் போட்டேன். நண்பர் ஒருவர் 550 மில்லி போட்டுவிட்டு இன்றுவரை நிற்கும்போது எஞ்சின் நிலையாக ஓடாமல் அவதிப்படுகிறார். வாங்கும்போது மல்டிமீட்டரால் மின்தடையைப் பாருங்கள். 12 ஓமுக்கு மேல் இருந்தால் நேராக மாட்டலாம். இரண்டு, மூன்று ஓம் இருந்தால் ஈசியுவின் டிரைவர் கருகும்.

பம்ப் விஷயத்தில் ஊரே மணிக்கு 255 லிட்டர் பம்ப் போடச் சொல்கிறது. மணிக்கு 44 லிட்டர் குடிக்கும் எஞ்சினுக்கு அது எதற்கு? மிச்சமெல்லாம் சூடாகி டேங்குக்குத் திரும்பும். அந்த அளவில் போலிகளும் நிறையப் புழங்குகின்றன. நான் செய்தது இதுதான்: ரிட்டர்ன் குழாயைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, அழுத்தத்தை மூன்றரை பாரில் நிறுத்தி, 30 விநாடி பம்பை ஓடவிட்டு அளந்தேன். பழைய பம்ப் 420 மில்லி தந்தது, மணிக்கு 50 லிட்டர். தேவைக்கு மிக ஒட்டி இருந்ததால் மாற்றினேன். புதியதும் முதலில் எதிர்பார்த்த அளவு தரவில்லை. பார்த்தால் பம்புக்குப் போகும் வயர் பழசு, மின்னழுத்தம் வழியிலேயே இறங்கியிருந்தது. பேட்டரியிலிருந்து ரிலே போட்டுத் தடித்த வயர் இழுத்ததும் சரியானது.

எஞ்சினுக்குள் பெரிதாக எதையும் மாற்றவில்லை. அதிக உறுதியான ஃபோர்ஜ்டு பிஸ்டன் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வண்டியின் விலையைத் தாண்டும். கம்பெனி பிஸ்டனே புதிதாகப் போட்டு, முதல் ரிங்கின் வாய் இடைவெளியை மட்டும் 0.40 மில்லிமீட்டருக்கு அரம் வைத்துத் தேய்த்தோம். டர்போ சூட்டில் ரிங் நீளும். வாய் முட்டிக்கொண்டால் ரிங் சிலிண்டரை இறுக்கும், வரப்பு உடையும். என் முதல் பிஸ்டன் நாக்கிங்கால் உடைந்ததா, ரிங் முட்டி உடைந்ததா என்று அண்ணனும் நானும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்டைத் தடிமனாக்கி, கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை நசுங்கும் அளவைக் குறைக்கும் யோசனையை அவர் ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டை ஒட்டி நசுங்கும் காற்றுதான் கலவையைக் கலக்குகிறது. அந்த இடைவெளியை அகலமாக்கினால் நாக்கிங் கூடவும் செய்யலாம்.

எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் மேனிஃபோல்டு அவர் கைவேலை. மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய் பளபளவென்று அழகாக இருக்கும், டர்போவின் எடை தொங்கினால் வெல்டிங் ஓரத்தில் விரியும். நாங்கள் நீராவிக் குழாய்க்குப் போடும் தடித்த இரும்பு முழங்கைகளை வெட்டி ஆர்கான் வெல்டிங் செய்தோம். ஹெட்டோடு பூட்டும் ஃப்ளான்ஜ் 12 மில்லிமீட்டர் தகடு. வெல்டிங் முடிந்ததும் அது வாழைப்பட்டை போல வளைந்திருந்தது. சர்ஃபேஸ் கிரைண்டரில் விட்டு நேராக்கிய பிறகுதான் ஹெட்டில் உட்கார்ந்தது. பம்புகளுக்கும் வார்ப்புக்கும் பேர்போன ஊரில் இருப்பதன் நன்மை இதுதான், எந்தத் தெருவிலும் கிரைண்டர் இருக்கும்.

இவ்வளவும் செய்து முடித்து ஓட்டிப் பார்த்தால் நீலப் புகை. ஓடும்போது இல்லை. நின்று இரண்டு நிமிடம் எஞ்சின் சும்மா ஓடினால் கொசு மருந்து வண்டி போலப் புகை. டர்போவின் சீல் போய்விட்டது என்று எல்லோரும் தீர்ப்பு எழுதினார்கள். கழற்றி 11,000 ரூபாய் செலவில் உள்பாகங்களை மாற்றினேன். திரும்பப் பூட்டினால் அதே புகை.

அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு கையை மட்டும் நீட்டி, "ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு துண்டு டியூபும் கொடுங்கள்" என்றார். டியூபை நடுவில் கொஞ்சம் தொங்கவிட்டுத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். தொங்கிய இடத்தில் தண்ணீர் நின்றது. டர்போவுக்குள் ஆயில் அழுத்தத்தோடு போகிறது, ஆனால் வெளியே வரும்போது அழுத்தம் கிடையாது. தன் எடையால் வழிந்து இறங்க வேண்டும், நுரையோடு. நான் ஆயில் திரும்பும் குழாயைக் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் நுழைத்து மறுபடி மேலேற்றி, எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பில் சேர்த்திருந்தேன். அதுவும் ஆயில் மட்டத்துக்குக் கீழே. ஆயில் தேங்கித் தண்டு வழியாகப் புகைக்குள் கசிந்தது. சீல் என்று நாம் சொல்வது அங்கே ஒரு சின்ன இரும்பு வளையம்தான்; தேங்கும் ஆயிலைத் தடுக்க அதனால் ஆகாது. சம்பைக் கழற்றி, ஆயில் மட்டத்துக்கு மேலே புது ஓட்டை போட்டு, உள்விட்டம் 16 மில்லிமீட்டர் குழாயை நேர் இறக்கமாக வைத்தோம். புகை முக்கால்வாசி நின்றது.

மீதிக் கால்வாசிக்குக் காரணம் பிசிவி வால்வு. எஞ்சின் அடிவயிற்றிலிருந்து வரும் ஆவியை இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் வால்வு அது. பூஸ்டில் அழுத்தம் எதிர்த்திசையில் அடிவயிற்றுக்குள் புகுந்து, ஆயில் இறங்குவதைத் தடுத்தது. பிளாஸ்டிக் வால்வுக்கு அந்த அழுத்தத்தைத் தாங்கி மூடத் தெரியவில்லை. நல்ல ஒருவழி வால்வு 600 ரூபாய். அந்த 11,000 ரூபாயை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. டர்போ வாங்குமுன் ஆயில் எந்த வழியாக இறங்கும் என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டர்போ உட்காரும் உயரத்தையும் மேனிஃபோல்டின் வடிவத்தையும் அதுதான் தீர்மானிக்கிறது.

சில்லறை விஷயங்கள்: பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக மாற்றி இடைவெளியை 0.7க்கு இறக்கினேன். காற்றுக் குழாய்களின் முனையில் மேடு எழுப்பாவிட்டால் எந்த கிளாம்ப்பும் சிலிகான் ஹோஸைப் பிடித்து வைக்காது. கிளட்ச் இரண்டாவது நாளே வழுக்கியது, அதற்கும் பணம் எடுத்து வையுங்கள். பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறைந்து ஊற்றுவதில்லை.

திறனை அளக்கும் ரோலர் டைனோவில் ஏற்றியபோது சக்கரத்தில் 96 குதிரை வந்தது. டர்போ போடுவதற்கு முன் அதே ரோலரில் 68. உடைந்த பிஸ்டன், விரிந்த டீசல் டர்போ எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய் ஆனது. ஜிடி1548இன் விலை அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

போன மே மாதம் மூன்றாவது சுற்றில் தண்ணீர் வெப்பமானி சிவப்பைத் தொட்டது. காற்று நன்றாகப் படட்டும் என்று இன்டர்கூலரை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் வைத்திருந்தேன். இப்போது ரேடியேட்டருக்கு அதன் சூட்டுக்காற்றுதான் கிடைக்கிறது. இரட்டை வரிசை அலுமினிய ரேடியேட்டர் ஒன்றுக்கு அண்ணன் அட்டையில் அளவெடுத்து வெட்டி வைத்திருக்கிறார். ஃபேனுக்கு இடம் இரண்டு விரற்கடை குறைகிறது.